பிப்ரவரியில் புல்லைத் தொடாத தோட்டக்காரர்கள்

சிங்கப்பூரில், சிராங்கூன் கார்டனில் எங்கள் வீட்டு முன்புறப் புல்தரை பெரிதொன்றுமில்லை, இருபதடிக்குப் பதினெட்டடி. 2012ல் வேலை ஓய்வு பெற்றதும் என் கணவர் தன் கையால் பதித்தது. அவர் போய் மூன்று வருடமாகிறது. அதில் ஒரு திட்டு காய்ந்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை.

அவர் போனபிறகு ஒரு கம்பெனியிடம் ஒப்பந்தம் போட்டிருந்தேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. மாதம் இரண்டு தடவை வருவார்கள். மழையோ வெயிலோ, ஒரே உயரத்துக்கு மழித்துவிட்டுப் போய்விடுவார்கள். போன வருடம் பிப்ரவரியில் பத்து நாளாக ஒரு சொட்டு மழையில்லை. அந்த நேரத்தில் மண் தெரிகிற மாதிரி ஒட்ட வெட்டிவிட்டார்கள். ஒரே வாரத்தில் கேட்டிலிருந்து மாமரம் வரைக்கும் பழுப்பு. 2014ல் ஜனவரி 13லிருந்து பிப்ரவரி 8 வரை 27 நாள் மழையில்லாமல் கிடந்ததே, அப்போதுகூட எங்கள் புல் இப்படிச் சாகவில்லை. அந்த மாதம் முழுக்க என் கணவர் மிஷினை வெளியே எடுக்கவே இல்லை. ஏன் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவுமில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டேன். மூத்தவர் மன்னார்குடிப் பக்கம், கூட வருகிற பையன் அவருக்குச் சொந்தம். வந்த அன்றைக்கு மிஷினை லாரியிலிருந்து இறக்கவே இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து காய்ந்த புல்லை விரலால் விலக்கினார். தரையோடு படர்ந்திருந்த ஒரு கொடியை மெதுவாகத் தூக்கிக் காட்டினார். மேலெல்லாம் சருகு, ஆனால் கணுவில் வெள்ளையாக நூல் மாதிரி வேர்.

“உசிரு இருக்குக்கா. இது கௌ கிராஸ், கணுவுக்குக் கணு வேர் விடும். மழை வர்ற வரைக்கும் யாரையும் வெட்ட விடாதீங்க. நானும் வெட்டமாட்டேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குக் கோரை எடுத்ததற்கு மட்டும் 60 வெள்ளி வாங்கிக்கொண்டார்.

கோரை எடுத்த விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். முன்பு வந்தவர்கள் மேலே தெரிகிற இலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போவார்கள், பத்து நாளில் திரும்பி வந்துவிடும். இவர் ஒரு மெல்லிய கம்பியைப் பக்கத்தில் குத்தி மண்ணை நெம்பி, அடியிலிருந்து கறுப்புக் கிழங்கோடு எடுத்தார். ஒரு கிழங்கிலிருந்து நூல் ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று. மணி கோத்த மாதிரி நான்கு கிழங்கு உள்ளங்கையில் கிடந்தது. ஒன்றை மண்ணில் விட்டாலும் மறுபடி முளைக்குமாம். இரண்டு பேருமாக முக்கால் மணி நேரம் அதையே செய்தார்கள்.

இப்போது பதினான்கு மாதமாக இவர்கள்தான். நாள்காட்டியைப் பார்த்து வருவதில்லை, மழையைப் பார்த்து வருகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மத்தியான இடிமழை தொடங்கியதும் புல் கிடுகிடுவென்று ஏறும், அப்போது மாதம் மூன்று தடவை. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் குறைக்கமாட்டார்கள். உரத்தைக் கனமழைக்கு முன்னால் போடுவதே கிடையாது. இங்கே மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்த்தேக்கங்களுக்குத் தண்ணீர் போகிற பகுதி, நம் வீட்டு மழைநீர்க் கால்வாயில் அடித்துக்கொண்டு போகிற உரம் நாம் குடிக்கிற தண்ணீருக்குத்தான் போகிறது. இதைச் சொன்னது அந்தப் பையன்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டபோது உருளும் மிஷினைக் கொண்டுவரவில்லை. எங்கள் மண் களிமண். ஈரத்தில் சக்கரம் ஏறினால் இறுகி, தண்ணீர் இறங்காமல் நின்றுவிடும். ஓரங்களை மட்டும் கிராஸ் கட்டரால் தட்டினார்கள். மழை விட்ட ஒரு நாளில் தண்ணீர் தேங்கிய இடத்தில் தோட்டத்து முள்கரண்டியால் குத்தித் துளை போட்டு மணல் நிரப்பினார்கள். இந்தப் பிப்ரவரியில் ஒரு தடவைகூட வெட்டவில்லை. வாரம் இரண்டு நாள் காலையில் ஆழமாகத் தண்ணீர் விடச் சொன்னார், தினமும் மேலாகத் தெளிக்க வேண்டாம் என்றார். வெட்டாத மாதத்துக்குக் காசும் வாங்கவில்லை.

கேட்காமலே செய்கிற இன்னொரு வேலை கொசு பார்ப்பது. ஒவ்வொரு தடவையும் தொட்டித் தட்டுகளைக் கவிழ்க்கிறார்கள், இறுகிப்போன தொட்டி மண்ணைக் கிளறிவிடுகிறார்கள். கெட்டியான மண்ணுக்கு மேல் நிற்கிற துளித் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு டெங்கி வந்ததிலிருந்து எனக்கு இதில் ரொம்பப் பயம்.

குறையும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்டால் பதில் வர இரண்டு நாள் ஆகும். மழையால் தள்ளிப்போன நாளை முன்கூட்டியே சொல்வதில்லை, நான் காத்திருந்து காத்திருந்து போன் பண்ண வேண்டியிருக்கிறது. ஜூலையில் விடியற்காலை சுமத்ராத் தீவுப் பக்கமிருந்து அடித்த சூறைக்காற்றில் மாமரக் கிளை முறிந்தபோது அன்றைக்கே வந்துவிட்டார்கள், அது உண்மைதான். ஆனால் கிளையை வெட்டிய வேகத்தில் என் கறிவேப்பிலையையும் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார்கள். இரண்டு மாதம் கடையில் வாங்கித் தாளித்தேன். சொன்னேன், வருத்தப்பட்டார். அதற்கப்புறம் என்னைக் கேட்காமல் அதில் கை வைப்பதில்லை.

ஒரு தடவைக்கு 70 வெள்ளி. பழைய கம்பெனியை விட 15 வெள்ளி அதிகம், ஆனாலும் தாராளமாகக் கொடுக்கலாம். சின்னப் புல்தரை, நிழலான இடம், களிமண் உள்ள வீடுகளுக்கு இவர்கள் பொருத்தம். பார்ட்டிக்கு முன்னால் கம்பளம் மாதிரி ஒட்ட வெட்டித் தரச் சொன்னால் மறுத்துவிடுவார்கள், அதையும் தெரிந்துகொண்டு கூப்பிடுங்கள்.

கேட்டுப் பக்கத்தில் ஒரு முழம் இடம் மட்டும் இன்னும் வெறும் மண்ணாக இருந்தது. போன வாரம் பார்த்தேன், இரண்டு பக்கத்திலிருந்தும் கொடி ஓடிவந்து நடுவில் ஒன்றை ஒன்று தொட்டுவிட்டது.