பஹ்ரைனில் ஒரே ஒரு நாள்: மனாமாவா, முஹர்ரக்கா?

பஹ்ரைனுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலருக்கு அங்கே கிடைப்பது ஒரு முழு நாள்தான். வேறு வளைகுடா நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குவார்கள், அல்லது சவுதியிலிருந்து 25 கிலோமீட்டர் கடல்பாலத்தில் காரில் வந்து திரும்புவார்கள். அந்த ஒரு நாளைத் தலைநகர் மனாமாவுக்குத் தருவதா, பக்கத்துத் தீவான முஹர்ரக்குக்குத் தருவதா? விமான நிலையம் இருப்பதே முஹர்ரக்கில்தான். இருந்தும் இறங்கியவுடன் டாக்சி பிடித்துப் பாலம் கடந்து மனாமாவுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

மனாமாவைக் குறைத்துப் பேச முடியாது. 1988-இல் திறந்த தேசிய அருங்காட்சியகம் ஒன்றே பாதி நாளைக் கேட்கும். பாலைவனத்தில் இருந்த பழைய புதைமேடு ஒன்றைப் பெயர்த்தெடுத்து வந்து உள்ளே மறுபடி அடுக்கி வைத்திருக்கிறார்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த தில்முன் மக்கள் மெசபடோமியாவுக்குச் செம்பு அனுப்பிய வணிகர்கள். சிந்துவெளியின் எடைக்கற்களை அவர்களும் பயன்படுத்தினார்கள் என்று அறிந்த பிறகு அந்தக் கூடத்தை வேகமாகக் கடக்க மனம் வராது.

அடுத்தது பாப் அல் பஹ்ரைன். 1949-இல் கட்டிய இந்த நுழைவாயிலின் முன்னால் அப்போது கடல் இருந்தது. கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று கரை வெகுதூரம் போய்விட்டது. வாயிலுக்குப் பின்னால் கடைத்தெரு. வெள்ளிக்கிழமை மாலை அங்கே நின்றால் மலையாளமும் தமிழும் வங்காளமும் காதில் விழும். வார விடுமுறையில் நம் ஊர்த் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசும் இடம் அது. சிந்து மாகாணத்திலிருந்து வந்த வணிகர்கள் எழுப்பிய பழைய ஸ்ரீநாத்ஜி கோயிலும் அந்தச் சந்துகளில்தான் இருக்கிறது. 1965-இல் தினார் வரும்வரை இந்தத் தீவில் புழங்கியது ரூபாய்தான் என்பதால் அந்தத் தெருவில் நமக்கு அந்நியம் தோன்றாது. மற்றபடி கண்ணாடிக் கோபுரங்களும் பெரிய வணிக வளாகங்களும் துபாயிலும் தோஹாவிலும் உண்டு. அவற்றுக்காக பஹ்ரைன் வர வேண்டியதில்லை.

முஹர்ரக்கில் இருப்பதோ வேறெங்கும் கிடைக்காதது. எண்ணெய் கிடைத்த 1932-க்கு முன் இந்த நாட்டுக்குச் சோறு போட்டது முத்து. பவளக்கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டிய பழைய வீடுகள், முத்து வணிகர் சியாதியின் மாளிகை, கூரைக்கு மேல் எழுந்து காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும் கோபுரம் கொண்ட, அந்நாளில் நாட்டை ஆண்ட ஷேக் ஈசா பின் அலியின் இல்லம் என்று ஒரு முழு ஊரே அந்தத் தொழிலைச் சுற்றி நிற்கிறது. யுனெஸ்கோ 2012-இல் இந்தப் பகுதியின் 17 கட்டடங்களையும் கடலுக்குள் இருக்கும் மூன்று முத்துச்சிப்பிப் படுகைகளையும் சேர்த்தே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கட்டடங்களை இணைக்கும் பாதை சுமார் மூன்றரை கிலோமீட்டர். வழியெங்கும் முத்துப்போல வெள்ளை உருண்டை விளக்குகள். அவற்றைப் பின்தொடர்ந்தால் வழி தவறாது.

இந்தப் பாதையை நான் உயர்த்திப் பேசுவதற்குக் காரணம், அது பணக்கார வணிகனின் கதையை மட்டும் சொல்லவில்லை என்பதே. மூக்கில் கவ்வி மாட்டி, காலில் கல் கட்டி, கோடை மாதங்கள் முழுவதும் கடலில் மூழ்கி எழுந்த குளியாள், படகில் கயிறு பிடித்து நின்றவன், முன்பணக் கடனில் சிக்கித் தலைமுறையாக மீளாதவர்கள் எல்லாரும் அதில் வருகிறார்கள். இதே முறையில் மன்னார் வளைகுடாவிலும் முத்துக் குளித்தார்கள் என்பதால் தமிழர்க்கு இந்தக் கதை கூடுதலாக உறைக்கும். பிறகு ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்தது, விலை சரிந்தது, படகுகள் கரையேறின. வளர்ப்பு முத்து விற்பனைக்கு பஹ்ரைன் இன்றும் தடை வைத்திருக்கிறது.

சாப்பாட்டிலும் என் ஓட்டு முஹர்ரக்குக்கே. அங்கே ஹல்வா கடைகளுக்குத் தனிப் பெயர் உண்டு. குங்குமப்பூவும் ஏலமும் மணக்கும் அந்த ஹல்வாவைச் சூடாக வாங்கிக்கொள்ளுங்கள். காலை உணவுக்கு பலாலீத் கேளுங்கள். இனிப்புச் சேமியாவின் மேல் முட்டை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், ஒரு வாய்க்குப் பிறகு பழகிவிடும். தங்குவதற்கு மட்டும் மனாமாதான் வசதி. ஆனால் வாரக் கடைசியில் சவுதியிலிருந்து வரும் கூட்டத்தால் அறை வாடகை ஏறிவிடும். தினாரின் மதிப்பு இரண்டரை டாலருக்கு மேல் என்பதையும் மறக்கக் கூடாது.

முஹர்ரக்குக்கு ஒரு குறை உண்டு: நடந்தே பார்க்க வேண்டிய ஊர். ஜூலை, ஆகஸ்டில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயிலில் அது வதை. அந்த மாதங்களில் முதியவர்களோ குழந்தைகளோ உடன் வந்தால் தயங்காமல் மனாமா அருங்காட்சியகத்தையே தேர்ந்தெடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் முஹர்ரக்தான். நண்பகலில் கடைத்தெரு அடங்கிக் கிடக்கும், அந்த நேரத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு நான்கு மணிக்குப் பாலம் கடந்து வாருங்கள். நடையைத் தெற்கு முனையில் இருக்கும் பூ மாஹிர் கோட்டைக் கரையிலிருந்து தொடங்குங்கள். முத்துப் படகுகளைக் கடலுக்கு வழியனுப்பிய கரை அது.