இலைக்கு 230 ரூபாய்: ஓர் ஆண்டு நிறைவுச் சமையல் ஒப்பந்தம்

அக்கா மகளின் ஆண்டு நிறைவு 2025 ஆகஸ்ட் 2ஆம் தேதி, சனிக்கிழமை, ஆடி விசாகத்தில் வந்தது. ஆங்கிலத் தேதியைப் பார்த்தால் பிறந்தநாள் 12ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைக்காகச் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் யாரும் விடுப்பெடுத்து வரமாட்டார்கள் என்பதால், சனிக்கிழமை வீட்டில் ஆயுஷ்ய ஹோமம், மறுநாள் சிறிய மண்டபம் ஒன்றில் கேக்கும் மதிய விருந்தும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பெருக்கு என்பது, காவிரிக் கரையிலேயே பிறந்து வளர்ந்த அத்தானுக்கு, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தாய்மாமன் என்ற முறையில் பட்டுப்பாவாடையும் வெள்ளிக் கொலுசும் என் பொறுப்பு; பாவாடை திருபுவனத்தில் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. அதோடு விடாமல் இரண்டு நாள் சாப்பாட்டையும் என் தலையில் கட்டினார்கள். கும்பகோணம் வட்டாரத்துச் சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவரை அமர்த்தினேன். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பாதி, இந்தப் பக்கத்தில் வேறு யாரை அழைத்திருந்தாலும் நேர்ந்திருக்கக்கூடியவை. ஒருவர் பெயரை மட்டும் போடுவது நியாயமாகாது. வீட்டு விசேஷத்துக்கு ஆள் தேடுபவர்களுக்குப் பெயரைவிட, எதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும் என்பது உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் சமையலுக்கு ஆள் வைப்பதில் இரண்டு வழிகள் உண்டு. சமையற்காரருக்குக் கூலி பேசி, அவர் எழுதித் தரும் சரக்குப் பட்டியலை மளிகைக் கடையிலும் காய்கறிச் சந்தையிலும் நாமே வாங்கிப் போடுவது பழைய வழி. சரக்கு, பாத்திரம், பரிமாறும் ஆட்கள், வாழையிலை எல்லாவற்றையும் அவர்களே கொண்டுவந்து, விழுந்த இலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வது இன்றைய வழி. சந்தைக்கு அலைய ஆளில்லாத எங்கள் வீட்டுக்கு இரண்டாவதுதான் தோது. சனிக்கிழமை மதியம் இலைக்கு 190 ரூபாய், ஞாயிறு காலைச் சிற்றுண்டி ஆளுக்கு 70 ரூபாய், ஞாயிறு மதியம் இலைக்கு 230 ரூபாய், குறைந்தது 120 இலை என்று பேசி முடித்தோம். ஆவணியில் கேட்டிருந்தால் 200 இலைக்குக் குறைந்து வந்திருக்கமாட்டேன் என்று அவரே சொன்னார். ஆடியில் முகூர்த்தம் இல்லை; மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், அண்டாக்கள் கவிழ்த்துக் கிடக்கும். பிறந்தநாளோ மாதம் பார்த்து வருவதில்லை. ஆடியில் பிறந்த குழந்தையால் வீட்டுக்குச் செலவு குறைவு என்று அத்தை அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமைச் சமையலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஹோமம் என்பதால் வெங்காயமும் பூண்டும் சேராத சமையல், 42 இலை. பட்டியல் பேசும்போது, கும்பகோணம் என்றால் கடப்பா இல்லாமலா என்று நான் கேட்டதற்கு, அதில் பூண்டு விழும், சனிக்கிழமை வேண்டாம், ஞாயிறு காலை இட்லிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்தான் திருத்தினார். அன்றைய இலையில் நின்றது கத்திரிக்காய் ரசவாங்கி. தஞ்சாவூர் வீடுகளின் பதார்த்தமான அதைப் பெரிய அளவில் செய்யும்போது பெரும்பாலும் கத்திரிக்காய் குழைந்து, பருப்பும் புளியும் தனித்தனியே நின்று, தேங்காய் அரைத்துவிட்ட ஏதோ ஒரு கூட்டாக முடிந்துவிடும். இங்கே காய் துண்டு துண்டாக, ஆனால் விரல் பட்டால் மசியும் பதத்தில் இருந்தது. கொத்துமல்லி விதை வறுத்து அரைத்த வாசனை இலையில் விழும்போதே தெரிந்தது. சமையலில் யாரையும் எளிதில் பாராட்டாத பெரியம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். இனிப்புக்குத் திருவையாற்று அசோகா. பாசிப்பருப்பில் செய்வதால் பல் முளைக்காத குழந்தைக்கும் ஒரு விரல் நுனி வைக்கலாம். விழா நாயகி விருந்தில் சுவைத்த முதல் பண்டம் அதுதான்.

ஞாயிறு காலை ஆற்றங்கரைக்கு எடுத்துச் செல்ல 30 பேருக்குச் சித்திரான்னம் கேட்டிருந்தோம். சர்க்கரைப் பொங்கல், எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று ஐந்து சாதமும் காலை ஏழு மணிக்கெல்லாம் மூடி போட்ட தூக்குகளில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. ஜூன் 12இல் மேட்டூர் திறந்துவிட்டதால் படித்துறையில் தண்ணீர் நிறைந்து ஓடியது. காப்பரிசியும் காதோலை கருகமணியும் படைத்து, பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, பத்தரை மணிக்குள் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம். ஐந்து சாதத்தில் புளியோதரை மட்டும் உப்புத் தூக்கல். இட்லியும் கடப்பாவும் அருமை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கேக்கையும் அவர்களிடமே ஒப்படைத்தது என் தவறு. சமையற்காரரிடம் கேக் கேட்பது பூக்காரரிடம் செருப்புக் கேட்பது போன்றது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர் தமக்குத் தெரிந்த ஒரு பேக்கரியில் சொல்லி வைத்திருந்தார். பதினொன்றேகாலுக்கு வரவேண்டிய மூன்று கிலோ முட்டையில்லாத கேக், ஆடிப்பெருக்குக் கூட்டம் பகவத் படித்துறைப் பக்கத்தையும் சக்கரப் படித்துறைப் பக்கத்தையும் அடைத்துக்கொண்டதால், பன்னிரண்டு பத்துக்கு, இரு சக்கர வாகனத்தில், ஒருவர் மடியில் அமர்ந்து வந்தது. ஓரத்துக் கிரீம் பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. குழந்தையின் பெயரில் இருக்கும் ழகரத்தை லகரமாக எழுதியிருந்தார்கள். கேக்கில் பெயரெழுதுபவரை நான் அவ்வளவாகக் குறை சொல்லமாட்டேன். பெயரைத் தொலைபேசியில் சொன்னவர் வாயிலேயே அந்த எழுத்து இல்லை. பலூன் அலங்காரம் செய்தவர்கள் தனி ஆட்கள். வந்தார்கள், ஊதினார்கள், போனார்கள்.

கேக் தாமதமானதன் விளைவு பந்தியில் தெரிந்தது. பன்னிரண்டரைக்குக் கேக் வெட்டி முடிந்ததும் பசியோடிருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து வந்தார்கள். முதல் பந்தியில் இருந்த 60 இடங்களில் 26 இடங்களில் குழந்தைகள் அமர்ந்தார்கள், மூன்று வயதிலிருந்து பத்து வயதுவரை. பரிமாற வந்த இளைஞர்கள் சுறுசுறுப்பானவர்கள்தாம். ஆனால் கல்யாணப் பந்தியில் பழகிய கை, யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. நான்கு வயதுப் பையன் ஒருவன் முன்னால், மேஜை விளிம்பைத் தாண்டி அவன் முகத்தருகே நீண்டிருந்த முழு நுனி இலையில், ஊறுகாய், வாழைப்பூ உசிலி, பாகற்காய்ப் பிட்லை, மோர் மிளகாய் என்று வரிசை பிசகாமல் வைத்துக்கொண்டே போனார்கள். அதன்மேல் ஒரு பெரியவர் உண்ணும் அளவுக்குச் சோறு, அதன்மேல் வற்றல் குழம்பு. பையன் அப்பளத்தைத் தின்றுவிட்டு, இலையில் மிச்சமிருந்ததை ஆட்டின் முன் வைத்த தழையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். வரிசை முழுவதும் அப்படித்தான். ஒரு குழந்தையின் பிறந்தநாள் விருந்தில், குழந்தைகள் உண்ணக்கூடியதாக அப்பளத்தையும் பாயசத்தையும் தவிர எதையும் நான் பட்டியலில் எழுதவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒப்பந்தக்காரரும் கேட்கவில்லை. இருபது ஆண்டாக இலை போடுபவர் கேட்டிருக்க வேண்டாமா என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்தப் பந்தியைக் காப்பாற்றியவர் பந்தி விசாரிப்பவராக வந்திருந்த பெரியவர் ஒருவர். அறுபது வயதைத் தாண்டியவர், தோளில் துண்டு. வரிசையை ஒரு முறை பார்த்தார். என்னிடம் வந்து, “தம்பி, பிள்ளைங்க இலையில இனிமே எதுவும் போட வேணாம்னு சொல்லிட்டேன், அஞ்சு நிமிஷம் குடுங்க” என்றார். அடுக்களையில் காலைச் சித்திரான்னத்துக்குத் துருவி மீந்திருந்த தேங்காயைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். அதை முந்திரியோடு தாளித்துச் சுடுசோற்றில் கிளறி ஒரு பேசினில் கொண்டுவந்தார். பின்னாலேயே பால் விட்டுப் பிசைந்த தயிர்ச் சோறு, உப்பில்லாமல் வறுத்த உருளைக்கிழங்கு. ஒவ்வொரு குழந்தையிடமும் குனிந்து, “கண்ணு, வெள்ளைச் சோறா, தேங்காய்ச் சோறா?” என்று கேட்டு, கேட்ட அளவு மட்டுமே வைத்தார். கடைசியாக அக்காவிடமிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை வாங்கி, பருப்பும் நெய்யும் விட்டு மாவுபோலப் பிசைந்து விழா நாயகிக்குக் கொடுத்தனுப்பினார். ஒரு சமையல் குழுவை இன்னொருவருக்குப் பரிந்துரைப்பது என்றால் நான் பரிந்துரைப்பது இவரைத்தான். ரசவாங்கி செய்த கை பெரிய கைதான். ஆனால் பந்தியைப் பார்க்கத் தெரிந்த கண் அதைவிட அரிது.

சாப்பிட்டு முடித்த பிள்ளைகள், உறவினர் ஒருவர் வாங்கி வந்திருந்த இரண்டு சப்பரத் தட்டிகளை, அதாவது ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகள் இழுக்கும் சிறு தேர்களை, மண்டபத்து வராந்தாவில் மாலைவரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வாடகைக்கு எடுத்த குதிக்கும் பலூன் வீட்டின் பக்கம் யாரும் போகவில்லை. அதற்குக் கொடுத்த பணம் வீண்.

இனிக் கணக்கு. இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதே இதுதான். ஆடிக் காற்றுக்கு வாழைத் தோப்புகள் என்ன ஆகும் என்று டெல்டாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கிழியாத தலைவாழை இலை கட்டுக்குப் பாதி கிடைத்தாலே பெரிது. வந்த கட்டுகளில் பல இலைகள் நரம்புவரை கிழிந்திருந்ததால், ரசம் ஓடிவிடாமல் இருக்க, சில இடங்களில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இலை போட்டார்கள். அது சரியான செய்கை. அவர்களைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் மாலையில் கட்டை எண்ணிக் கழித்து, 151 இலை விழுந்திருக்கிறது, 34,730 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார்கள். இரட்டையாகப் போட்ட இலைகள் எல்லாம் இரண்டிரண்டாக எண்ணப்பட்டிருந்தன. “இலை விழுந்தா விழுந்ததுதான் சார்” என்பது ஒப்பந்தக்காரரின் வாதம். விழுந்தது இலை, உண்டது ஆள். நாங்கள் பேசியது எதற்கு என்பது என் வாதம்.

தீர்த்துவைத்தவை தண்ணீர் பாட்டில்கள். இலைக்கு ஒன்றாக வைத்த சிறிய பாட்டில்கள் 24 கொண்ட எட்டுப் பெட்டிகளில், அதாவது 192 வந்திருந்தன. மிச்சம் இரண்டு பெட்டிகளும் உதிரியாக ஏழும், ஆக 55. மேடைக்குப் போனவை மூன்று. 134 பேர் உண்டிருக்கிறார்கள் என்று இருவரும் ஒப்புக்கொள்ள இருபது நிமிடம் பிடித்தது. 30,820 ரூபாய் கொடுத்தேன். அவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார் என்று சொல்லமுடியாது, ஆனால் வாங்கிக்கொண்டார். நானும் 26 குழந்தைகளுக்கு முழு விலையே கொடுத்தேன், முன்பே பேசாத குற்றத்துக்காக. மொத்தத்தில் பேசிய விலைக்குச் சமையல் குறைவில்லை, சொல்லப்போனால் அதிகம்.

இலைக் கணக்கில் ஆள் அமர்த்துபவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கட்டு எண்ணுவதா, பந்தியில் தலை எண்ணுவதா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள், அதிலும் ஆனியிலிருந்து ஆவணிவரை காற்று அடிக்கும் மாதங்களில். குழந்தைகளுக்கு நுனி இலை வேண்டாம், நுனியில்லாமல் நறுக்கிய துண்டான ஏடு போதும், அதற்குத் தனி விலை என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லையாம். இதையும் அந்தப் பந்திப் பெரியவர்தான் கிளம்பும்போது சொன்னார்.

தையில் குழந்தைக்குக் காதுகுத்து. அதே ஒப்பந்தக்காரருக்கு 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். சீட்டில் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறேன்: தலைக் கணக்கு, ஏடு 30, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிள்ளைகள் பந்தி பதினொன்றரைக்கு, புளியோதரையில் உப்புக் குறைவு, பந்தி விசாரிக்க அதே பெரியவர். கேக் கிடையாது.