பழைய ஸ்பேரைக் கையில் கொடுத்தார்கள், அது என் காருடையதே இல்லை

போன கத்திரி வெயிலில் மதுரை பைபாஸ் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 27,300 ரூபாய் தொலைத்தேன். விவகாரம் இன்னும் முடியாததால் கடையின் பெயரைப் போடவில்லை. "கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள், யாரும் ஏமாற்ற முடியாது" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் கேட்டு வாங்கினேன். அப்படியும் ஏமாந்தேன்.

கார் 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 வி-டெக். 2011-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. 106 குதிரைசக்தி. 2003-இல் இதற்கு அடுத்து வந்த புது சிட்டி வெறும் 77 குதிரைசக்தி என்று வந்தபோது பழைய வண்டிக்காரர்களுக்கு இருந்த திமிர் எனக்கு இன்னமும் கொஞ்சம் உண்டு. ஆயில், பிளக், பிரேக் பேட், கூலன்ட் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் நானே மாற்றுவேன். பெரிய வேலைக்கு ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். மே மாதம் பார்த்து அவர் கண் ஆபரேஷனுக்கு ஊருக்குப் போய்விட்டார்.

கோளாறு இதுதான். வண்டி காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். மத்தியானம் வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. நாலு கதவையும் திறந்துபோட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். ஒருநாள் டீக்கும் மசியவில்லை. மாமியார் வண்டியில், அவருக்கு டாக்டரிடம் நேரம் வேறு. அவரை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, 900 ரூபாய் கொடுத்து வண்டியை இழுத்துக்கொண்டு அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

ஓனர் நன்றாகப் பேசுவார். "ஃப்யூயல் பம்ப் போயிருச்சு சார், இருபது வருஷம் உழைச்சிருக்கு, அதுக்கு மேல என்ன கேக்க முடியும்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் 11,500 ரூபாய். பழைய பம்ப்பைக் கேட்டேன், முகம் சுளிக்காமல் ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார். நானும் பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்து செல்ஃபில் வைத்தேன்.

ஒன்பதாம் நாள் மறுபடி அதே கதை. மறுபடி 900, மறுபடி அதே கடை. இந்த முறை டிஸ்ட்ரிப்யூட்டர், அதாவது ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் முறைவைத்து கரண்ட் அனுப்பும் பாகம். "உள்ள இக்னைட்டர் சூடாகி கட் ஆகுது சார். அசெம்பிளியாவே மாத்தணும்." 14,000. இந்தக் கார்களில் டிஸ்ட்ரிப்யூட்டர் சூட்டில் மக்கர் செய்வது உண்மைதான் என்பதால் இதற்கும் தலையாட்டினேன். வண்டி கைக்கு வந்த வாரமே கொடைக்கானலுக்குப் போனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது இன்ஜினில் டிக் டிக் என்று நாக்கிங். ஊர் திரும்பியதும் திரும்ப ஒரு மத்தியானம் ஸ்டார்ட் ஆகவில்லை. போன் போட்டேன். "அப்போ இசிஎம்தான் சார், 35 ஆகும்" என்றார். இசிஎம் என்பது இன்ஜினின் கம்ப்யூட்டர். 35 என்று அவர் சொன்னது ஆயிரத்தில்.

அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பானெட்டைத் திறந்தேன்.

டிஸ்ட்ரிப்யூட்டர் மூன்று போல்ட்டில் சிலிண்டர் ஹெட்டோடு நிற்கும். போல்ட்டைத் தளர்த்தி லேசாகத் திருப்பித்தான் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், வைப்பார்கள். முந்தைய வருஷம் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியான கேப்பும் உள்ளே சுற்றும் ரோட்டரும் மாற்றியபோது டைமிங் நகர்ந்தால் தெரியட்டும் என்று மனைவியின் நெயில் பாலிஷை எடுத்து ஹெட்டிலும் டிஸ்ட்ரிப்யூட்டரிலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்திருந்தேன். அடர் சிவப்பு. இப்போது ஹெட்டில் பாதிக் கோடு இருக்கிறது, மறுபாதி இல்லை. வேறு டிஸ்ட்ரிப்யூட்டர் போட்டால் கோடு இருக்காதுதான், சரி. ஆனால் 14,000 ரூபாய் "புது" டிஸ்ட்ரிப்யூட்டரின் கேப்பைக் கழற்றினால் உள்ளே முனைகள் எல்லாம் வெள்ளை பூத்து, அரித்துப்போய்க் கிடக்கின்றன. ரோட்டர் நுனி கரி. ஏதோ கழிவு வண்டியில் இருந்து எடுத்தது. என்னுடையது நன்றாக இருந்தது, கேப் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பழைய சிட்டிக்கு நல்ல டிஸ்ட்ரிப்யூட்டர் கிடைக்காமல் சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் சந்தை வரை ஆள் விட்டுத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னுடையது எங்கே போயிருக்கும் என்று ஊகிக்கலாம். டைமிங் லைட் வைத்துப் பார்த்தால் கப்பியில் உள்ள சிவப்புக் குறி இருக்கவேண்டிய இடத்திலேயே இல்லை. மலையில் கேட்ட டிக் டிக் அதுதான்.

அப்புறம் பம்ப். இதில் பம்ப் டேங்குக்குள் இருக்கும், பின்சீட்டைத் தூக்கினால் அதன் மேல்மூடி. தூக்கினேன். மூடி மேல் மாவு மாதிரி தூசி. நாலு ஸ்க்ரூவின் தலையிலும் துரு அப்படியே, ஸ்க்ரூடிரைவர் பட்ட ஒரு கீறல் இல்லை. மூடிக்குக் குறுக்கே ஒரு புளிப்பு மிட்டாய்த் தாள் ஒட்டிப்போய்க் கிடக்கிறது. என் மகள் அந்த மிட்டாயை விட்டு ஐந்தாறு வருஷம் ஆகிறது, இப்போது காலேஜ் போகிறாள். அந்த மூடியை யாரும் தொடவே இல்லை.

அப்படியென்றால் செல்ஃபில் இருக்கிற "பழைய பம்ப்"? பையைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனேன். பெட்ரோல் வாடையே இல்லை. இருபது வருஷம் பெட்ரோலில் ஊறியதாகச் சொன்ன சாமான். பெட்ரோலை வடிகட்டும் வலையில் காய்ந்த தூசி, டெர்மினலில் சிலந்தி நூல். கேட்கிறவர்களுக்குக் கொடுப்பதற்கென்றே கடையில் ஒரு பம்ப்பை வைத்திருக்கிறார்கள் போல. வாங்கிய அன்றே முகர்ந்திருந்தால் 14,000 மிஞ்சியிருக்கும்.

சரி, உண்மையான கோளாறு என்ன? மெயின் ரிலே. அந்தக் காலத்து ஹோண்டாக்களுக்கே உரிய வியாதி. டாஷ்போர்டுக்குக் கீழே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா, உள்ளே இரண்டு ரிலே, அதாவது கரண்டில் இயங்கும் சுவிட்ச். ஒன்று இசிஎம்முக்கு, இன்னொன்று பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கும். வருஷக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் பின்களைப் பிடித்திருக்கும் ஈயப் பற்று, அதாவது சால்டர், விரிசல் விடும். கேபின் கொதிக்கும்போது விரிசல் விலகிக்கொள்ளும், குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கதவைத் திறந்துவைத்தால் வண்டி பிழைத்தது.

சோதித்துப் பார்க்க ஒரு கருவியும் வேண்டாம். ஏசி, ரேடியோ எல்லாம் அணைத்துவிட்டு சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பவும். செக் இன்ஜின் விளக்கு எரிந்து இரண்டு விநாடியில் அணையும். அந்த இரண்டு விநாடியும் பின்சீட்டுப் பக்கம் பம்ப் மெல்ல முனகும், டாஷ்போர்டுக்கு அடியில் டக் என்று கேட்கும். காலையில் கேட்டு, மத்தியானம் ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் கேட்காவிட்டால் முதலில் ரிலேயைப் பாருங்கள். நான் அந்த வாரமே காரை மொட்டை வெயிலில் நிறுத்திவைத்து சோதித்தேன். மயான அமைதி.

சித்தப்பா மகன் டிவி, மிக்சி ரிப்பேர் பார்க்கிறவன். டப்பாவைத் திறந்து பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினான். "அண்ணே, இங்க பாருங்க." தடிமனான ஒரு பின்னைச் சுற்றி முடி கனத்தில் ஒரு கரு வளையம். அவ்வளவுதான். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டு 60 வாட் சால்டரிங் அயர்னில் எல்லாப் பின்னுக்கும் புதிதாக வைத்தான். சின்ன அயர்னில் செய்ய வேண்டாம், தடித்த பின் சூடேறாமல் மேலே மட்டும் ஒட்டி நிற்கும் என்றான். இருபது நிமிஷ வேலை. காசு கொடுத்தால் வாங்க மாட்டான், பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு மத்தியானம்கூட வண்டி நிற்கவில்லை. இப்போதும் ஓடுவது அதே பழைய பம்ப்தான்.

பம்ப் பையையும் மிட்டாய்த் தாள் போட்டோவையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில், "பையன் ஏதோ மாத்திக் குடுத்துட்டான் சார்." சீட்டைத் தூக்கிக் காட்டட்டுமா என்றதும் குரல் மாறியது. கடைசியில் 6,000 ரூபாயை மேஜை மேல் வைத்து, "இதோட விட்ருங்க" என்றார். வாங்கிக்கொண்டேன். வாங்கியது தப்போ என்று இப்போது தோன்றுகிறது. டிஸ்ட்ரிப்யூட்டரைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். பில்லைக் கேட்டார்கள். அப்போதுதான் எடுத்துப் பார்க்கிறேன், என்னிடம் இருப்பது "எஸ்டிமேட்" என்று அச்சடித்த தாள். ஜிஎஸ்டி எண் இல்லை, பார்ட் நம்பர் இல்லை, கையெழுத்தும் இல்லை. நல்லவேளை இரண்டாவது தொகையை ஜிபே-யில் அனுப்பியிருந்தேன், முதலாவது ரொக்கம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குள் ஒரு விஷயம். மதுரைப் பக்கம் யாராவது உங்களிடம் சிட்டி வி-டெக் டிஸ்ட்ரிப்யூட்டர் என்று விற்க வந்தால், போல்ட் போடும் காதுப் பக்கம் திருப்பிப் பாருங்கள். அடர் சிவப்பு நெயில் பாலிஷில் அரை விரல் நீளக் கோடு இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.