பட்டா அசல், கையெழுத்து மகனுடையது

சென்ற மே மாதம் மாசசூசெட்ஸில் ஒரு திறந்தவெளிப் பழம்பொருள் சந்தையில் 640 டாலர் கொடுத்து ஏமாந்தேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆள் அதே வகைச் சரக்கோடு இன்னும் கடை போட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் வாங்கியது 1838-ஆம் ஆண்டின் நிலப் பட்டா. இல்லினாயில் 40 ஏக்கரை அமெரிக்க அரசு ஒரு குடியானவருக்கு விற்றதற்கான பத்திரம். தடித்த தோல் தாளில் பாதி அச்சு, பாதி பேனா எழுத்து. அடியில் மை மங்காமல் ‘மார்ட்டின் வான் பியூரன்’ என்ற பெயர். அவர் எட்டாவது ஜனாதிபதி. சுற்றிலும் பச்சை அட்டை வைத்துக் கண்ணாடி ஃபிரேம் போட்டிருந்தார்கள். பின்புறம் தங்க நிற வில்லை ஒட்டிய சான்றிதழ் வேறு. “ஜனாதிபதி கையெழுத்துப் போட்டது. இந்த விலைக்கு இனிக் கிடைக்காது” என்றார் கடைக்காரர். லிங்கன் கையெழுத்து என்று சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். வான் பியூரன் கையெழுத்தைப் போய் யார் போலியாகப் போடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அங்கேதான் சறுக்கினேன்.

மூன்று மாதம் வரவேற்பறையில் தொங்கியது. வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். ஆகஸ்டில் வந்த ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் மட்டும் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, “இந்த அட்டையை எடுத்துப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். ஃபிரேமைக் கழற்றினோம். பெயருக்குக் கீழே, பச்சை அட்டை மறைத்திருந்த இடத்தில், இன்னொரு வரி இருந்தது: ‘செயலாளர் எம். வான் பியூரன் ஜூனியர் மூலமாக’. மேல் வரியும் கீழ் வரியும் ஒரே கை எழுதியவை. ஜனாதிபதியின் மகன், அப்பா பெயரையும் எழுதித் தன் பெயரையும் எழுதியிருக்கிறார். அவர் எதையும் ஒளிக்கவில்லை. ஒளித்தது அந்தப் பச்சை அட்டைதான். எந்த ஆண்டு வெட்டியதோ, வெட்டியவருக்கு எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

பிறகுதான் விவரம் படித்தேன். வான் பியூரனுக்கு முன் ஜனாதிபதியாக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் நில விற்பனை பெருகி, கையெழுத்துக்காகப் பட்டாக்கள் ஆயிரக்கணக்கில் தேங்கிவிட்டன. அதனால் ஜனாதிபதி சார்பில் பட்டாக்களில் கையெழுத்திட ஒரு செயலாளரை வைத்துக்கொள்ள 1833 மார்ச் 2-ஆம் தேதிச் சட்டம் இடம் கொடுத்தது. அதற்குமுன் ஜாக்சன் தாமே கையெழுத்திட்டார். அதன்பிறகு வந்த பட்டாக்களில் ஜனாதிபதியின் பெயர் இருக்கும், கை இருக்காது. சேகரிப்பவர்களுக்கு இது பாலபாடமாம். எனக்கு 640 டாலர் பாடம். அந்தக் குடியானவர் ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் வீதம் மொத்த நிலத்துக்கும் கொடுத்ததே 50 டாலர்தான் என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பேசினேன். “நான் போலி விற்கவில்லையே, ஐயா. சான்றிதழைப் படியுங்கள்” என்றார். படித்தேன். ‘1838-இல் அமெரிக்க அரசு வழங்கிய அசல் ஆவணம்’ என்று இருந்தது. சுத்தமான உண்மை. யார் கையெழுத்து என்று ஒரு சொல் இல்லை. கையெழுத்துப் பற்றியதெல்லாம் வாய்ச்சொல். ரசீதிலும் ‘பழைய பத்திரம், ஃபிரேமுடன்’ என்று மட்டுமே எழுதியிருந்ததால் கடன் அட்டை வங்கியும் கைவிரித்துவிட்டது. அந்தச் சான்றிதழை அச்சடித்தவரும் அவரேதான். கையெழுத்து என்று சொல்லி விற்பவரிடம், யார் கை என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் பேரம் பேசவே வேண்டாம்.

அதே மேசையில் கென்னடி செனட்டராக இருந்தபோது எழுதிய கடிதம் என்று ஒன்றும் இருந்தது. கையில் பணம் இல்லாததால் தப்பித்தேன். கென்னடி கையெழுத்து இன்னும் பெரிய புதைகுழி. அவருடைய காரியதரிசிகள் அவர் பெயரைப் போட்டுப் பழகியவர்கள். அதுபோக ஆட்டோபென் என்ற இயந்திரம். வார்ப்பு ஒன்றைப் பின்பற்றிப் பேனாவை அதுவே நகர்த்தும். கடிதத்தாள் அசல், உறை அசல், அலுவலகமும் அசல்; கென்னடி அந்தத் தாளைத் தொட்டிருக்கவே மாட்டார். நாம் யாரும் இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை. இரண்டு கையெழுத்துகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மயிரிழை பிசகாமல் பொருந்தினால் அது இயந்திரம். கோட்டின் அழுத்தம் தொடக்கம் முதல் முடிவு வரை மாறாமல் இருப்பதும் அதன் அடையாளம்.

செப்டம்பரில் வேண்டுமென்றே மறுபடி அந்தச் சந்தைக்குப் போனேன். இப்போது பத்தாவது ஜனாதிபதி ஜான் டைலர் பெயரில் பட்டா ஒன்று, அதே பச்சை அட்டையில். டைலருக்காகப் பட்டாக்களில் கையெழுத்திட்டவர் அவர் மகன் ராபர்ட் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. என்னைக் கடைக்காரருக்கு அடையாளம் தெரியவில்லை. “பின்பக்கம் திறந்து காட்ட முடியுமா?” என்றேன்.

“கண்ணாடி உடைந்துவிடும், ஐயா” என்றார்.