வெற்றுப் படிவத்தில் இட்ட கையெழுத்து: பரிசோதனை உதவி பெறப் போகும் சிறு தொழில்முனைவோருக்கு ஓர் எச்சரிக்கை

கிளிநொச்சியில் இரண்டு பேர் வேலை செய்யும் சிறிய இலத்திரனியல் பட்டறை ஒன்றை நடத்துகிறேன். புதிய உற்பத்திகளைச் சந்தைக்கு விடுமுன் பரிசோதித்துத் தரும் அரச உதவித் திட்டம் ஒன்றில் கடந்த காலபோகத்துக்கு முன் சேர்ந்து, கையால் ஒரு ரூபாயும் கொடுக்காமலேயே ஏமாந்தேன். முறைப்பாடு இன்னும் முடியாததால் அலுவலகத்தின் பெயரையும் அதன் சார்பில் பரிசோதனை செய்த நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை. இதே மாதிரிப் படிவங்களை வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் சிலர் இப்போது நிரப்பிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டதால் நடந்ததை மட்டும் பதிவிடுகிறேன்.

எனது உற்பத்தி நெல்லின் ஈரப்பதனை அளக்கும் கைக்கருவி. நெல் சந்தைப்படுத்தல் சபை 14 சதவீத ஈரப்பதனை அளவுகோலாக வைத்தே நெல்லை வாங்குகிறது. வயலுக்கு வரும் தனியார் வியாபாரியோ ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, ஈரத்துக்கென்று மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழித்துவிடுகிறார். 16 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் நியாயமாகக் குறைவது ஏறத்தாழ 23 கிலோதான். கழிவு அதற்கு மேல் போகும்போது, கமக்காரரின் கையில் மறுத்துப் பேச ஓர் அளவீடு இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். தண்ணீருக்கும் உலர்ந்த தானியத்துக்கும் மின்னியல்பில் பெரிய வேறுபாடு உண்டு என்பதால் கருவியைச் செய்வது கடினமல்ல. ஆனால் நெல்லினத்துக்கு ஏற்பவும் வெப்பநிலைக்கு ஏற்பவும் அளவீடு மாறும். ஆட்டக்காரி என்ற சிவப்பு நெல்லுக்குச் சரியாகக் காட்டும் கருவி பீ.ஜீ. 360 என்ற வெள்ளை நெல்லினத்துக்குப் பிழையாகக் காட்டலாம். ஆகவே ஒவ்வோர் இனத்தின் மாதிரியையும் ஆய்வக அடுப்பில் உலர்த்தி, முன்னும் பின்னும் எடைபார்த்து, கருவியின் அளவோடு ஒப்பிட்டாக வேண்டும். அந்த வசதி என் பட்டறையில் இல்லாததால், இந்தத் திட்டத்தின் அறிவித்தல் எனக்குக் கடவுள் தந்த வரமாகவே தெரிந்தது.

உதவி பணமாகத் தரப்படாது என்று முதலிலேயே சொன்னார்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை. நாற்பது மணிநேர நிபுணர் ஆலோசனை, ஆய்வக ஒப்பீடு, மூன்று வயல்களில் பரிசோதனை, மொத்தப் பெறுமதி ஆறு இலட்சம் ரூபாய் என்று கடிதத்தில் இருந்தது. சேவை பெற்றேன் என்று நான் கையெழுத்திட்டுக் கொடுத்ததும், அந்த ஆறு இலட்சமும் அலுவலகத்திலிருந்து நேரே சேவை வழங்கும் நிறுவனத்துக்குப் போய்விடும். என் கையெழுத்துத்தான் அங்கே காசோலை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதற்கூட்டத்திலேயே படிவங்கள் சிலவற்றை நீட்டினார்கள். அவற்றில் ஒன்றில் மணிநேரம், திகதி, பரிசோதனை எண்ணிக்கை ஆகிய நிரல்கள் வெறுமையாக இருந்தன. ஏனென்று கேட்டேன். "தம்பி, நீங்கள் ஒவ்வொரு முறையும் இதுக்காக அலையத் தேவையில்லை, இப்பவே ஒரு கையெழுத்தை வையுங்கோ, விபரத்தை நாங்கள் பிறகு நிரப்புறம்" என்றார் உத்தியோகத்தர். அன்பாகத்தான் சொன்னார். வைத்தேன்.

நிபுணர் ஆலோசனை என்பது சூம் வழியாக இரண்டு தடவை, மொத்தம் மூன்று மணிநேரத்துக்கும் குறைவாக நடந்தது. அதிலும் ஒரு தடவை அவர் வாகனத்தில் போய்க்கொண்டே பேசினார். கருவியைப் பரிசோதனைக்கென்று எடுத்துப் போனவர்கள் ஐந்து மாதம் வைத்திருந்தார்கள். அறுவடை முடிந்து, நெல்லெல்லாம் ஆலைக்குப் போன பிறகு, இருபது பக்க அறிக்கையோடு அது திரும்பி வந்தது. மூன்று வயல்களில் நான்கு இன நெல்லில் 120 அளவீடுகள் எடுக்கப்பட்டன, பிழை அரை சதவீதத்துக்குள் அடங்குகிறது, சந்தைப்படுத்தத் தகுதியானது என்று அறிக்கை கூறியது. வாசித்த அன்று வீட்டில் பாயாசம் காய்ச்சினோம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

மறுநாள் கருவியைத் திறந்தேன். பற்றரி ஒழுகிப் பச்சை பூத்திருந்தது. மாதிரி போடும் கிண்ணத்தின் அடியில் ஒரு துளி உமி கூட இல்லை. அறிக்கை எழுதியவர்கள் அறியாத ஒன்று உண்டு: எடுக்கும் ஒவ்வோர் அளவீட்டையும் நேரத்தோடும் வெப்பநிலையோடும் அந்தக் கருவி தன் நினைவகத்தில் பதிந்து வைக்கும். அதைக் கணினியில் இணைத்துப் பார்த்தபோது ஐந்து மாதத்துக்கும் சேர்த்துப் பதினொரு அளவீடுகளே இருந்தன. பதினொன்றும் ஒரே பிற்பகலில், நாற்பது நிமிட இடைவெளிக்குள் எடுக்கப்பட்டவை. எல்லாவற்றிலும் வெப்பநிலை 24 பாகை செல்சியஸ். வன்னி வயலில் பிற்பகல் இரண்டு மணிக்கு 24 பாகை என்று யாராவது சொன்னால், அந்த வயலுக்குக் குளிரூட்டி பூட்டியிருக்கிறார்கள் என்றுதான் கொள்ளவேண்டும்.

பிறகு என் சொந்தச் செலவில், அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றில் ஒப்பிட்டுப் பார்த்தேன். சிவப்பு நெல்லுக்குக் கருவி சரி, பீ.ஜீ. 360 இற்கு ஏறத்தாழ இரண்டு சதவீதம் குறைத்துக் காட்டியது. அந்த அறிக்கையை நம்பி விற்றிருந்தால், 16 சதவீத ஈரமுள்ள நெல்லை 14 என்று நினைத்து மூட்டை கட்டி அடுக்கிய கமக்காரரின் களஞ்சியத்தில் நெல் சூடேறிப் பூஞ்சணம் பிடித்திருக்கும், பழியும் என்னிடமே வந்திருக்கும். ஆறு இலட்சத்தை விட இதுவே எனக்கு நெஞ்சை அறுக்கிறது.

அறிக்கையின் மேல்மூலையில், ஆய்வகங்களின் தகுதிக்கான சர்வதேசத் தராதரமான ஐஎஸ்ஓ 17025 என்று அச்சிட்டிருந்ததையும் நான் விசாரிக்காமல் விட்டேன். அந்த அங்கீகாரம் ஆய்வகம் முழுவதற்கும் பொதுவாகக் கிடைப்பதல்ல, குறிப்பிட்ட பரிசோதனைகளுக்கே வழங்கப்படுகிறது. அந்த நிறுவனத்தின் பட்டியலில் தானிய ஈரப்பதன் இல்லை. இலங்கைத் தராதர அங்கீகாரச் சபையிடம் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கொடுப்பனவுக் கோவையின் பிரதியைத் தமிழிலேயே எழுதிக் கேட்டேன். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்கவேண்டும். வந்த பிரதியில் கீழே என் கையெழுத்து நீல மையில் இருந்தது. மேலே வேறொருவரின் கையெழுத்தில், கறுப்பு மையில், "40 மணிநேரம்" என்று நிரப்பப்பட்டிருந்தது.

இத்தகைய உதவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு ஆய்வக நேரம் பணத்தைவிடப் பெரிது. ஆனால் நிரல் வெறுமையாக இருக்கும் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். கட்டாயப்படுத்தினால் வெற்றிடங்களைக் குறுக்கே கோடிட்டு, திகதியிட்டு, கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறுதி அறிக்கையை மட்டும் வாங்காமல், மாதிரி வாரியான மூல அளவீடுகளையும் கேட்டு வாங்குங்கள். இன்னொன்றும் உண்டு: சென்ற மாதம் வேறொரு திட்டத்துக்கு விண்ணப்பித்தபோது, "ஏற்கெனவே ஆறு இலட்சம் ரூபாய் உதவி பெற்ற பயனாளி" என்று காரணம் காட்டி என்னை நிராகரித்துவிட்டார்கள்.

முறைப்பாட்டுக்கு ஒரு வரியில் பதில் வந்தது: சேவை முழுமையாக வழங்கப்பட்டதாகப் பயனாளியே கையெழுத்திட்டு உறுதிப்படுத்தியுள்ளார். பதினொரு அளவீடுகளின் பதிவை அச்சிட்டு இணைத்து, மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.