மதுரையில் "அரண்மனையும் நந்தவனமும்" என்று பேக்கேஜ் சொன்னால் பணம் கட்டிவிடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு ஒருநாள் போய்வரலாம் என்று இருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் உசிலம்பட்டி. அப்பாவுக்கு 74 வயது. பன்னிரண்டு வயதில் ஒரு நிலத்தகராறு வழக்குக்காகத் தாத்தாவோடு திருமலை நாயக்கர் மகாலுக்கு வந்திருக்கிறார், அப்போது ஜட்ஜ் கோர்ட் அங்கேதான் நடந்தது. கூப்பிடும் வரை ஒரு தூணோரம் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டதையும், தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்துப் பாதிகூடக் கை எட்டாததையும் இன்றைக்கும் சொல்வார். இன்னொரு தடவை அங்கே உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. முழங்கால் வலியால் பஸ் ஒத்துவராது. அந்த நேரம் பார்த்து வாட்ஸப்பில் ஒரு விளம்பரம் வந்தது. வீட்டிலிருந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது, மகால், "நாயக்கர் கால அரச நந்தவனம்", மதியச் சாப்பாடு, இரவு ஒலி ஒளிக் காட்சி, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 850 ரூபாய். ஆறு பேருக்கு 5,100. மொத்தத்தையும் ஜிபேயில் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு "வண்டில வரும்போது தர்றோம் சார்" என்றார்கள். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

எட்டு மணிக்கு வரவேண்டிய வேன் பத்தரைக்கு வந்தது. வழியில் ஒரு ஜவுளிக்கடை முன்னால் முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள், நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. மகால் வாசலில் ஒருவர் ஏறிக்கொண்டு தன்னை கைடு என்றார். கைடுக்கும் கேமராவுக்கும் சேர்த்து 600 ரூபாய், அது பேக்கேஜில் வராதாம். நுழைவுச் சீட்டையும் எங்கள் கையில் கொடுக்கவில்லை. கவுண்டர் பலகையை நானே பார்த்தேன், ஆறு பேருக்குக் கூட்டினாலும் எங்கள் ஒருவரிடம் வாங்கிய பணத்தில் பாதிகூட வராது.

உள்ளே கொடுத்தது 25 நிமிடம். சொர்க்க விலாசம் என்கிற தர்பார் மண்டபத்துக் கூரை இரும்பும் உத்தரமும் இல்லாமல் செங்கல், சுண்ணாம்பிலேயே அத்தனை உயரத்துக்கு எழுந்து நிற்கிறது, கீழே நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம். அதைப் பற்றி அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சுரங்கப்பாதைக் கதையையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா தன் தூணைத் தேடிப்பிடித்து உட்கார்ந்து, ஆட்கள் பெயர் கிறுக்கி வைத்திருந்த சுதையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. "பெரியவரே, எந்திரிங்க, வண்டி நிக்குது" என்று கையைத் தட்டினார் கைடு. அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் நந்தவனம். ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் இடத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். புல்தரை, சிமெண்ட் யானை, ஊஞ்சல். அதற்குத் தனியாகத் தலைக்கு 80. நாயக்கர் தோட்டம் எங்கே என்று கேட்டேன். "நந்தவனம்னு சொன்னோம், எங்க இருக்குன்னு சொன்னோமா சார்?" என்றார் டிரைவர். ஐந்து மணிக்கே திரும்பக் கிளப்பிவிட்டார்கள். ஒலி ஒளிக் காட்சி இருட்டிய பிறகுதான் நடக்கும், அது அவர்களுக்கும் தெரியும்.

ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1636ல் கட்டிய அரண்மனையில் இன்று மிச்சம் இருப்பது நான்கில் ஒரு பங்குதான். தோட்டமும் குளமும் இருந்தது உண்மை, ஆனால் திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே அரண்மனையைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது பார்க்கும் மகால் நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது பழுதுபார்த்துக் காப்பாற்றியது. ஆகவே நாயக்கர் நந்தவனம் என்று யார் காசு கேட்டாலும் அப்படி ஒன்று இன்று கிடையாது.

பழைய அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்துக்குள் கூட்டிப்போங்கள், துணிக்கடைகளுக்கு நடுவில் அந்தக் கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன, பார்க்கக் காசு கிடையாது. கிழக்கே போனால் அதே திருமலை நாயக்கர் 1645ல் வெட்டிய வண்டியூர் தெப்பக்குளம். மரமும் நிழலும் வேண்டுமென்றால் தமுக்கத்துக்குப் போங்கள். அங்கே இருக்கும் ராணி மங்கம்மாள் அரண்மனைதான் 1959 முதல் காந்தி மியூசியமாக இருக்கிறது, அங்கேயும் உள்ளே போகக் கட்டணம் இல்லை. பெரியார் நிலையத்தில் இறங்கினால் எல்லா இடத்துக்கும் ஆட்டோ கிடைக்கும், ஏறுவதற்கு முன் கூலி பேசிவிடுங்கள்.

மொத்தம் 6,180 ரூபாய் போயிருக்கிறது. திங்கட்கிழமை பாதிப் பணமாவது கொடுங்கள் என்று மெசேஜ் போட்டேன், பார்த்துவிட்டு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே பேக்கேஜில் ஏமாந்தவர்கள் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்திருந்து எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம். அடுத்த மாதம் மச்சான் காரில் அப்பாவை மட்டும் கூட்டிப்போகிறேன், அவர் போதும் என்று சொல்லும் வரை அந்தத் தூணோரம் உட்காரட்டும்.