ராஸ் கடல் வரை போய்வரும் மீன் தூள்: எங்கள் ஊர் மில்லைப் பற்றி

மலேசியாவில், எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்த மசாலா மில்லுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மிளகாய் நெடி வரும் பக்கம் நடந்தால் வாசலுக்கு வந்துவிடலாம். அம்மா தோட்டத்து லயத்திலிருந்து சைக்கிளில் மல்லியும் மிளகாயும் கட்டிக்கொண்டு வந்து அரைத்த மில் அது. இப்போது அங்கே அரைத்த மீன் தூளை நான் அண்டார்டிக்காவின் ராஸ் கடலுக்கு எடுத்துப்போகிறேன். டூத்ஃபிஷ் என்ற பெரிய ஆழ்கடல் மீனைப் பிடிக்கும் தூண்டில் கப்பலில் சமையல்காரன் நான். நான்கு பருவமாக இதே தூள்தான்.

அங்கே மீன்பிடிப் பருவம் டிசம்பர் 1-ஆம் தேதி திறக்கும். கடல் தண்ணீரே பூஜ்யத்துக்குக் கீழே 1.8 டிகிரி செல்சியஸ் வரை போகும். தூண்டில் கயிறு இழுத்துவிட்டுக் குசினிக்குள் வருகிறவனுக்கு விரலும் மரத்திருக்கும், மூக்கும் மரத்திருக்கும். சாதாரணக் குழம்பு வாசனை அவனுக்கு எட்டாது. முதல் வருடம் கடைப் பாக்கெட் தூள் கொண்டுபோனேன். பிரித்து ஒரு மாதத்தில் நிறம் மட்டும் மிச்சம், மணம் போய்விட்டது.

மில்லில் அரைத்துக் கொடுக்கும் அக்கா மல்லியைத் தனியாக, சீரகம் சோம்பைத் தனியாக வறுக்கிறார். அரைத்த தூள் கைபொறுக்காத சூட்டோடு வெளியே விழும். அதைத் தாளில் பரப்பி, காற்றாடிக்குக் கீழே அரைமணி நேரம் ஆறவிட்டுத்தான் கட்டுவார். நான் அவசரப்படுத்தினால், "சூட்டோடு கட்டினா வேர்க்கும் தம்பி, கட்டி பிடிச்சிடும்" என்பார். அந்த அரைமணி நேரத்தால்தான் பிப்ரவரியிலும் டப்பாவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடிக்கிறது.

இன்னொன்று, சொன்னால் கேட்டுக்கொள்கிறார். டூத்ஃபிஷ் நூறு கிலோவுக்கு மேலும் வளரும். அந்தக் குளிரில் ரத்தம் பனிக்கட்டியாகாமலிருக்க அதன் உடம்பிலேயே ஒரு புரதம் இருக்கிறது. சதையெல்லாம் கொழுப்பு, காரத்தை அப்படியே விழுங்கிவிடும். இரண்டாவது வருடம் இதை அக்காவிடம் சொன்னேன். ஒரு கிலோ மல்லிக்கு மிளகை 100-லிருந்து 150 கிராமாக்கி, வெந்தயத்தையும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். தலை வெட்டும்போது கிடைக்கும் கன்னச் சதையில், புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, நம் ஊர் மீன் தலைக் கறி பாணியில் வைத்தேன். இந்தோனேசியத் தோழர்கள் "லாகி, லாகி" என்று தட்டை நீட்டினார்கள். அன்றைக்கு மூன்று பானை சோறு.

குறையையும் சொல்லவேண்டும். மில்லில் தரும் பிளாஸ்டிக் பை மெல்லிசு. ஒரு வருடம் குசினி ஆவியில் இரண்டு பைகளின் ஒட்டு விட்டு, தூள் கல்லாகிவிட்டது. கப்பலில் குப்பைக்கும் கணக்கு உண்டு. 60 டிகிரி தெற்கைத் தாண்டினால் மீன் குடலையும் முட்டை ஓட்டையும்கூடக் கடலில் போட முடியாது. பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும் போடக்கூடாது. எல்லாம் மூட்டை கட்டித் துறைமுகத்துக்குத் திரும்ப வரும். அதனால் இப்போது தடித்த பைகளை நானே வாங்கிக் கொடுத்து, ஒரு கிலோவாக இரட்டை ஒட்டுப் போடச் சொல்கிறேன். சின்னச் சின்னப் பை வேண்டவே வேண்டாம்.

அதே மில்லின் சாம்பார் தூள் அந்த அளவுக்கு இல்லை. பொங்கலன்று அங்கே சூரியன் மறையவே மறையாது, நடுராத்திரியிலும் பனிக்கட்டிமேல் வெயில் அடிக்கும். அந்த வெளிச்சத்தில் பால் பொங்கவைத்துக் கும்பிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டு வைத்த சாம்பாரில் மணமே இல்லை. பெருங்காயத்தைத் தனியாகக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

வெளிநாடு கொண்டுபோகிறவர்கள் சேர்மானத்தையும் தேதியையும் பையில் எழுதித் தரக் கேளுங்கள், அக்கா எழுதித் தருவார். நியூசிலாந்தில் இறங்கும்போது உணவுப்பொருள் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் விட்டால் அந்த ஊர்க் காசில் 400 டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சாமான் நம்முடையது என்றால் கூலி கிலோவுக்கு 4 வெள்ளி (ரிங்கிட்). ஞாயிறு விடுமுறை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் வரிசை தெருவுக்கு வந்துவிடும், அப்போது போகாதீர்கள். இந்த வருடம் எனக்கு 12 கிலோ. அக்காவிடம் சொல்லிவைத்தாயிற்று. அம்மாவும் நானும் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளுவதுதான் பாக்கி.